பிழைசெய்யும் உரிமை: அமெரிக்க நுவார் திரைப்படங்களில் இனப் பிரதிநிதித்துவம்

ஆய்வுச் சுருக்கம்

1940, 1950களில் ஹாலிவுட்டில் உருவான நுவார் வகைக் குற்றப் படங்களில் வெள்ளையர் அல்லாதார் பெற்ற இடத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவர்கள் எத்தனை முறை தோன்றினர், நல்லவராகக் காட்டப்பட்டனரா என்னும் வினாக்கள் இவ்வகைப் படங்களை அளக்கப் போதா. குற்றவுணர்வும் தெரிவும் கொண்ட அகவாழ்வு யாருக்கு வழங்கப்பட்டது என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா என இக்கட்டுரை வாதிடுகிறது.

குறிச்சொற்கள்: நுவார், பிரதிநிதித்துவம், தயாரிப்பு நெறித்தொகுப்பு, பாத்திரப் படைப்பு, குற்றவுணர்வு

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்சுக்கு வாராதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946இல் பாரிஸ் திரையரங்குகளை ஒருசேர வந்தடைந்தன. அவற்றுள் சில குற்றப் படங்களில் புதியதோர் இருண்ட மனநிலையைக் கண்ட திறனாய்வாளர் நினோ ஃபிராங்க், அவற்றைச் சுட்ட ‘ஃபிலிம் நுவார்’ என்னும் தொடரை ஆண்டார். கறுப்புப் படம் என்பது அதன் நேர்ப்பொருள். 1955இல் ரெமோன் போர்த், எத்தியேன் ஷோமெத்தோன் ஆகிய இருவரும் எழுதிய நூல் அதனை ஒரு வகைமையாக நிலைநிறுத்தியது. ஜான் ஹஸ்டனின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) முதல் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) வரையிலான காலப்பகுதியை அதன் செவ்வியல் காலமெனக் கொள்வது திரைப்பட வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடாகும்.

பெயரிலேயே கறுப்பைக் கொண்ட இப்படங்களின் மையத்தில் கறுப்பினத்தாரைக் காண்பது அரிது என்னும் முரண் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1990களில் மந்தியா டியவாரா, எரிக் லாட், ஜேம்ஸ் நேர்மோர் ஆகியோரின் ஆய்வுகள் அம்முரணை மையத்திற்குக் கொணர்ந்தன. வெள்ளையரின் ஒழுக்க வீழ்ச்சியைக் கறுப்பு நிறத்தின் உருவகங்களால் இப்படங்கள் காட்டுகின்றன என்பது லாட்டின் வாதம். அவ்வாய்வுகளுக்குப் பின்னும் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வினாக்களுக்குள்ளேயே சுழல்கிறது. ஒடுக்கப்பட்டோர் திரையில் எத்தனை பேர் என்பது ஒன்று. அவர்கள் நேர்மறையாகக் காட்டப்பட்டனரா என்பது மற்றொன்று. நுவார் படங்களைப் பொறுத்தமட்டில் இரண்டாம் வினா பிழையான விடைக்கே இட்டுச்செல்லும். ஏனெனில், நல்லவனாக இருப்பதற்கு இவ்வகைமையில் பெருமதிப்பு இல்லை.

வகைமையின் நடுவிடம்

நுவார் படத்தின் நடுவே நிற்பவன் தவறியவன். பில்லி வைல்டரின் ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தில் காப்பீட்டு முகவன் வால்டர் நெஃப், குண்டடிபட்ட நிலையில் நள்ளிரவில் தன் அலுவலகத்திற்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து தான் செய்த கொலையைத் தானே சொல்கிறான். படம் முழுவதும் அவ்வாக்குமூலத்தின் விரிவே. பின்னோக்கு உத்தி, கதைமாந்தனின் பின்னணிக் குரல், நிழல் கோடிட்ட முகம் ஆகியன அனைத்தும் ஒரே பணியைச் செய்கின்றன: சட்டம் குற்றவாளி என்று மட்டும் அறிந்த ஒருவனின் உள்ளத்தைப் பார்வையாளர்க்குத் திறந்து காட்டுகின்றன. அவன் தண்டனைக்குரியவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் ஏன் அவ்வழி சென்றான், எந்தக் கணத்தில் திரும்பியிருக்கலாம், எதை எண்ணி வருந்துகிறான் என்பனவே கதை.

இவ்வகைமையின் பெண்மாந்தரும் இதனாலேயே நிலைபெற்றனர். ஆடவனை அழிவுக்கு இட்டுச்செல்லும் அழகியின் படைப்பில் பெண் மீதான அச்சமும் வெறுப்பும் கலந்திருந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் 1978இல் ஈ. ஆன் கேப்லன் தொகுத்த நுவார் பெண்கள் பற்றிய கட்டுரைத் தொகுதி முதலாகப் பெண்ணியத் திறனாய்வாளர்கள் அப்பாத்திரங்களுக்குள் விழைவையும் திட்டத்தையும் குடும்ப அமைப்பின் மீதான வெறுப்பையும் கண்டெடுக்க முடிந்தது. ‘டபுள் இண்டெம்னிட்டி’யின் ஃபிலிஸ் தீயவள், எனினும் அவள் எதையோ வேண்டுகிறாள். வேண்டுதல் இருக்குமிடத்தில் திறனாய்வுக்குப் பிடி கிடைக்கிறது. அவ்வீடுகளில் கதவு திறக்கும் பணிப்பெண்ணிடம் அத்தகைய வேண்டுதல் எதுவும் எழுதப்படவில்லை. எனவே பிற்காலத் திறனாய்வு அவளை மீட்க முனைந்தாலும் பற்றிக்கொள்ள ஏதும் இல்லை.

சாட்சியாக நிற்போர்

‘டபுள் இண்டெம்னிட்டி’யில் நெஃப் கொலைக்குப் புறப்படுமுன், தான் குடியிருக்கும் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பணிபுரியும் கறுப்பினத்தவரான சார்லியிடம் வண்டியைக் கழுவச் சொல்கிறான். கொலை முடிந்து திரும்பியதும் மீண்டும் அவர் கண்ணில் படுமாறு கீழிறங்கி வருகிறான். அன்றிரவு தான் வீட்டைவிட்டு அகலவில்லை என்பதற்குச் சார்லியே சான்று. இப்பாத்திரத்தை ஏற்றவர் சாம் மெக்டேனியல். 1940இல் ஆஸ்கர் விருதுபெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹேட்டி மெக்டேனியலின் உடன்பிறந்தவர் அவர். சார்லியின் பணி காண்பது, காண்பதை நம்புவது. அவர் என்ன எண்ணினார், பின்னர் உண்மையை அறிந்தபோது என்ன ஆனார் என்பன படத்தின் அக்கறைகள் அல்ல. வெள்ளையினக் குற்றவாளியின் திட்டத்தில் அவருடைய நேர்மை ஒரு கருவியாகப் பயன்பட்டுத் தீர்ந்துபோகிறது.

ழாக் டூர்னரின் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947) படத்தில் நிலை சற்று வேறு. ஓடிப்போன கேத்தியைத் தேடும் ஜெஃப், அவளுடைய பணிப்பெண்ணாயிருந்த யூனிஸைக் காணக் கறுப்பினத்தார் கூடும் இரவு விடுதி ஒன்றுக்குச் செல்கிறான். தெரீசா ஹாரிஸ் ஏற்ற யூனிஸ் அங்குப் பணியுடையில் இல்லை. நன்கு உடுத்தித் துணைவருடன் அமர்ந்திருக்கிறார். தலைவி ஃபுளோரிடா சென்றதாகச் சொல்கிறார். ஆனால் அவர் தடுப்பூசியைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட, ஃபுளோரிடா செல்லத் தடுப்பூசி எதற்கு என எண்ணிய ஜெஃப், கேத்தி மெக்சிகோ சென்றிருப்பதை உய்த்துணர்கிறான். சில நிமிடமே நீளும் இக்காட்சியில் யூனிஸ் ஒரு பொய் சொல்கிறார். தன்னை நம்பிய ஒருத்திக்காகச் சொன்ன பொய் அது. செவ்வியல் நுவாரில் பணிப்பெண் பாத்திரம் ஒன்று தெரிவு செய்வதைக் காணும் அரிய இடங்களுள் ஒன்றாக அது நினைவில் நிற்கிறது. எனினும் ஜெஃப் எழுந்து சென்றதும் யூனிஸின் கதை முடிந்துவிடுகிறது.

ஒரு வகைமை தனக்குரிய தலைமாந்தர் யாவர் என முன்னரே வரையறுத்துக்கொள்வது தமிழிலக்கண மரபில் பயின்றோர்க்குப் புதிதன்று. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தும் தொல்காப்பிய நெறி, அவர்களுக்குக் காதல் இல்லை எனச் சொல்லவில்லை. அவர்களின் காதல் அத்திணையின் பாடுபொருளாகாது என்றே வகுத்தது. காலமும் சமூகமும் பாடுபொருளும் வேறு என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆயினும் வகைமை விதி எவரது அகத்தைப் பேசத்தக்கதாக்குகிறது என்னும் வினாவை எழுப்பும் முறையை அம்மரபு கற்பிக்கிறது. அதே வினாவை ஹாலிவுட்டின் விதிகள் மீதும் எழுப்புதல் தகும்.

விலக்கலின் இயங்குமுறை

அக்காலத்து மனப்போக்கு அவ்வளவே எனச் சொல்லி இவ்விலக்கலைக் கடந்துபோவது எளிது. ஆனால் அது எழுதப்பட்ட விதிகளாலும் வணிகக் கணக்குகளாலும் இயங்கியது. 1930இல் ஏற்கப்பட்டு 1934 முதல் ஜோசப் பிரீனின் தலைமையில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு நெறித்தொகுப்பு, வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் இடையிலான பாலுறவைத் திரையில் காட்டுவதைத் தடைசெய்தது. நடைமுறையில் அத்தடை ஆசிய இனத்தவரையும் தொட்டது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவ்விதி நீக்கப்பட்டது. நுவாரின் கதையோட்டத்தைச் செலுத்துவது தகாத விழைவு. இனம் கடந்த விழைவே விலக்கப்பட்ட நிலையில், வெள்ளையர் அல்லாதார்க்கு அக்கதையின் நடுவிடம் தொடக்கத்திலேயே அடைபட்டது.

நகரத் தணிக்கைக் குழுக்களும் இதில் பங்கேற்றன. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரக் குழு, பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒன்றாயிருக்கும் காட்சிகளுக்காகவே ‘கர்லி’ (1947) என்னும் சிறுவர் நகைச்சுவைப் படத்தைத் தடுத்தது. தென் மாநிலச் சந்தையை இழக்க விரும்பாத தயாரிப்பாளர்கள் கறுப்பினக் கலைஞர்களை எளிதில் வெட்டி நீக்கத்தக்க சிறு காட்சிகளில் மட்டும் வைப்பது ஆதாயமெனக் கண்டனர். பணியாளர் பாத்திரத்தின் குறுமைக்குப் பின்னே இத்தகைய படத்தொகுப்புக் கணக்கும் இருந்தது.

பாலினச் சிறுபான்மையினர்க்கும் அதே நெறித்தொகுப்பு வாயிலடைத்தது. ரிச்சர்ட் புரூக்ஸின் ‘தி பிரிக் ஃபாக்ஸ்ஹோல்’ (1945) புதினத்தில் வெறுப்பினால் கொல்லப்படுபவர் தன்பாலீர்ப்புடையவர். அதனைத் தழுவி எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கிய ‘கிராஸ்ஃபயர்’ (1947) படத்தில் அவர் யூதராக்கப்பட்டார். யூத வெறுப்பை நேரே கண்டித்த துணிவுக்காகப் பாராட்டப்பட்ட அப்படம், மற்றொரு வெறுப்பைப் பேசாமல் விட்டே அத்துணிவைப் பெற்றது.

குற்றமின்மை என்னும் சிறை

1942இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் செயலர் வால்டர் வைட், கறுப்பினத்தாரைக் கோமாளிகளாகவும் ஏவலராகவும் மட்டும் காட்டும் வழக்கத்தை மாற்றுமாறு ஹாலிவுட் நிறுவனத் தலைவர்களிடம் வலியுறுத்தினார். ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) கறுப்பின ஆடவனைக் கொடியவனாக வரைந்ததன் தீங்கை நேரில் கண்ட தலைமுறையின் கோரிக்கை அது. அதன் நியாயம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் அக்கோரிக்கைக்குத் திரையுலகம் அளித்த விடை, மாசற்ற கறுப்பின நாயகன்.

ஜோசப் மேன்கீவிச்சின் ‘நோ வே அவுட்’ (1950) இதற்குத் தெளிவான சான்று. சிட்னி பாய்ட்டியே ஏற்ற இளம் மருத்துவர் லூதர் புரூக்ஸ், கொள்ளையில் குண்டடிபட்ட இரு சகோதரர்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார். ஒருவன் இறந்துவிட, இனவெறி கொண்ட மற்றவனான ரே பிடில் அவர்மீது கொலைப்பழி சுமத்துகிறான். பிணக்கூறாய்வு நடந்தால் உண்மை வெளிப்படும். ரே அதற்கு உடன்படவில்லை. ஆய்வை நடத்துவிக்க லூதர் தாம் செய்யாத கொலையைத் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டு சரணடைகிறார். ஆய்வு அவர் குற்றமற்றவர் என மெய்ப்பிக்கிறது. இறுதியில் தம்மைச் சுட்ட ரேயின் உயிரையும் அவரே காக்கிறார்.

இனவெறியின் கொடுமையை அக்காலத்தில் இத்துணை வெளிப்படையாகக் காட்டிய படங்கள் சிலவே. ஆயினும் வகைமையின் கண்கொண்டு நோக்கின் ஒன்று புலனாகும். நெஃப்பின் வாக்குமூலம் உண்மை. லூதரின் வாக்குமூலம் பொய். நுவாரின் தலையாய சடங்காகிய குற்ற ஒப்புதலுக்குள் கறுப்பின நாயகன் பொய்யாகவே நுழைய முடிகிறது. அவருடைய அகத்தில் காட்டுவதற்குரிய பிளவு ஏதும் இல்லை. பிளவு முழுவதும் ரேயிடம் இருக்கிறது. எனவே பார்வையாளரின் அச்சமும் ஆர்வமும் பெரிதும் ரிச்சர்ட் விட்மார்க் ஏற்ற அவ்வெள்ளையினப் பாத்திரத்தின்மீதே குவிகின்றன.

ஆந்தனி மானின் ‘பார்டர் இன்சிடெண்ட்’ (1949) வேறொரு திசையில் இதே எல்லையைத் தொடுகிறது. மெக்சிகோவிலிருந்து வரும் பண்ணைத் தொழிலாளர்கள் சுரண்டிக் கொல்லப்படுவதைத் துப்பறியும் மெக்சிகோ நாட்டு அதிகாரி பாப்லோ ரோட்ரிகஸாக ரிக்கார்டோ மோண்டல்பன் நடித்தார். அமெரிக்க அதிகாரி கொடூரமாகக் கொல்லப்பட, மெக்சிகோ அதிகாரி உயிர் பிழைப்பது அக்காலத்தில் எதிர்பாராத திருப்பம். ஆயினும் பாப்லோவும் கடமை தவறாத அதிகாரியாகவே தொடங்கி அவ்வாறே முடிகிறார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் மெக்சிகோ அதிகாரி வர்காஸும் அத்தகையவரே. அப்பாத்திரத்தையும் நிறம் பூசிய சார்ல்டன் ஹெஸ்டனே ஏற்றார்.

1959: இரு படங்கள்

செவ்வியல் காலம் முடிந்ததாகக் கருதப்படும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் வந்த இரு படங்கள் இந்நிலையை மாற்றின. சாமுவேல் ஃபுல்லரின் ‘தி கிரிம்சன் கிமோனோ’வில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் துப்பறிவாளர் ஜோ கொஜாகுவாக ஜேம்ஸ் ஷிகேட்டா நடித்தார். ஜோவும் அவருடைய வெள்ளையினத் தோழர் சார்லியும் ஒரே பெண்ணை விரும்புகின்றனர். அவள் ஜோவையே விரும்புகிறாள். சார்லியின் முகத்தில் எழுந்த பொறாமையை இனவெறுப்பு எனப் படிக்கிறார் ஜோ. அது தவறான கணிப்பு எனப் படம் முடிவு செய்கிறது. இனவெறுப்பை ஒடுக்கப்பட்டவரின் மனப்பிரமையாகச் சுருக்கும் இம்முடிவு எதிர்ப்புக்குரியது. ஆனாலும் ஐயம், சினம், தோழனுக்கு இழைத்த தீங்கு ஆகியவற்றின் நடுவே ஓர் ஆசிய அமெரிக்கரை நிறுத்தி, அவர் பிழைக்கவும் வருந்தவும் காதலில் வெல்லவும் இடமளித்தது இப்படம்.

ராபர்ட் வைஸின் ‘ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ’ இதனினும் ஆழமானது. ஹாரி பெலஃபாண்டே தம் சொந்த நிறுவனமான ஹார்பெல் வழியாகத் தயாரித்து நடித்த படம் இது. திரைக்கதையை எழுதியவர் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையில் தடைப்பட்டியலில் இருந்த ஆப்ரஹாம் பொலான்ஸ்கி. அவர் பெயர் மறைக்கப்பட்டுக் கறுப்பினப் புதின ஆசிரியர் ஜான் ஓ. கில்லன்ஸின் பெயர் இடப்பட்டது. 1996இல்தான் பொலான்ஸ்கியின் பெயர் மீட்கப்பட்டது. பெலஃபாண்டே ஏற்ற ஜானி இங்கிரம் இரவு விடுதிப் பாடகன், சூதாட்டக் கடனில் மூழ்கியவன், மனைவியைப் பிரிந்தவன், மகளை நேசிப்பவன். வெள்ளையருடன் இணங்கி வாழ முனையும் மனைவியைக் கடிந்துகொள்ளும் கசப்பும் அவனிடம் உண்டு. கடன் நெருக்கவே வங்கிக் கொள்ளைக்கு இசைகிறான். அவனுடன் சேர்பவன் இனவெறியனான ஏர்ல் ஸ்லேட்டர்.

கொள்ளைத் திட்டத்தின் திறவுகோல் கவனிக்கத்தக்கது. மாலையில் கறுப்பினப் பணியாளர் ஒருவர் வங்கிக்கு உணவு கொணர்வார். அவருக்காகப் பக்கவாயில் திறக்கப்படும். அவர் இடத்தில் ஜானி நிற்பதே திட்டம். ‘டபுள் இண்டெம்னிட்டி’யின் சார்லி போன்றோரை எவரும் உற்று நோக்குவதில்லை என்னும் சமூக வழக்கத்தை இப்படம் வெளிப்படையாக எடுத்துப் பேசுகிறது. பணியாளர் வேடம் இங்குக் குற்றத்தின் கருவி. அதனை அணிபவனுக்குத் தனிக் கதை உண்டு. ஜானியை நம்பாத ஸ்லேட்டர் தப்பிச்செல்லும் வண்டியின் சாவியை அவனிடம் தர மறுப்பதால் திட்டம் சிதைகிறது. இருவரும் ஒருவரையொருவர் துரத்தி எண்ணெய்க் கலன்களின்மேல் ஏறிச் சுட்டுக்கொள்ள, அவை வெடிக்கின்றன. கரிந்த உடல்களுள் எது எவருடையது எனப் பிரித்தறிய இயலாமல் படம் முடிகிறது. ஜானி நல்லவன் அல்லன், ஆனால் முழுமையானவன்.

மறுப்புகளும் விடையும்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒடுக்கப்பட்டோரைக் குற்றவாளிகளாகக் காட்டக் கோருவது, அவர்களைக் குற்றப் பரம்பரையாகப் பார்க்கும் பழைய இழிவுக்கே துணைபோகும் என்பது முதலாவது. இங்குக் குற்றவாளியைப் புறத்திலிருந்து காட்டுவதையும் குற்றவுணர்வை அகத்திலிருந்து காட்டுவதையும் வேறுபடுத்த வேண்டும். இழிவுபடுத்தும் வார்ப்பில் செயல் மட்டும் இருக்கும். காரணம் பிறப்பில் இருப்பதாகக் கொள்ளப்படும். நுவார் நெறியில் காரணம் கடன், விழைவு, அச்சம், தவறான கணிப்பு என மனித அளவில் அமையும். தெரிவு செய்யும் ஆற்றல் உடையவனாக ஒருவனை ஏற்பதே அவனைத் தவறக்கூடியவனாக எழுதுவதன் பொருள்.

அக்காலத்தில் வேறு வழியில்லை என்பது இரண்டாவது மறுப்பு. இலக்கிய வரலாறு இதனை ஏற்கவில்லை. ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ 1940இலேயே கொலைசெய்த கறுப்பின இளைஞனின் மனத்தைப் புதினத்தின் மையமாக்கியது. 1945இல் செஸ்டர் ஹைம்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கப்பல் கட்டுந்தளத் தொழிலாளியான பாப் ஜோன்ஸின் அச்சத்தையும் சினத்தையும் தன்மைக் கூற்றில் எழுதினார். நெஃப் வண்டியோட்டிய அதே நகரம், ஏறத்தாழ அதே காலம். ‘நேட்டிவ் சன்’ படமானபோது அது அர்ஜென்டினாவில் தயாராயிற்று. ரைட்டே நாயகனாக நடித்தார். 1951இல் அமெரிக்காவில் பெருமளவு வெட்டப்பட்டே வெளிவந்தது. ஹைம்ஸின் ஹார்லெம் துப்பறியும் புதினங்கள் முதலில் பிரான்சிலேயே சிறப்புப் பெற்றன. வழி இருந்தது; திரைக்கு மட்டும் அது அடைக்கப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸைக் களமாகக் கொண்டு கார்ல் ஃபிராங்க்ளின் இயக்கிய ‘டெவில் இன் எ புளூ டிரெஸ்’ (1995), வேலையிழந்து வீட்டுக்கடன் தவணைக்குத் தவிக்கும் கறுப்பின நாயகனின் குரலிலேயே கதையைச் சொன்னபோது, அரை நூற்றாண்டு தாமதமாக ஓர் இடைவெளி நிரம்பத் தொடங்கியது.

முடிவுரை

நுவார் படங்களின் பிரதிநிதித்துவத்தை மதிப்பிடும் ஆய்வுகள் தலையெண்ணிக்கையோடும் நன்மை தீமைப் பட்டியலோடும் நின்றுவிடலாகா. பனுவலிலிருந்தே விடைகாணத்தக்க நான்கு வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. பின்னணிக் குரல் யாருடையது? கடந்தகாலம் யாருக்கு உண்டு? தெரிவு செய்யும் கணம் யாருக்கு அளிக்கப்பட்டது? வருந்தும் பொழுது யாருக்குக் கிடைத்தது? இவ்வினாக்களின்படி ‘நோ வே அவுட்’ படத்தின் மாசற்ற மருத்துவரைவிட ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ படத்தில் பொய் சொல்லும் யூனிஸ் வகைமையின் நடுவிடத்திற்கு நெருக்கமானவர். ஜானி இங்கிரம் அந்நடுவிடத்திலேயே நிற்பவன்.

மாசற்றவராக மட்டும் காட்டப்படும் சமூகம் மதிக்கப்படுவதுபோல் தோன்றும். உண்மையில் அது தொடர்ந்து சோதனைக்குட்படுத்தப்படுகிறது. ஒரு சிறு பிழை நேரினும் அம்மதிப்பு திரும்பப் பெறப்படும். வெள்ளையினத்தாருக்கு அத்தகைய நிபந்தனை எதனையும் நுவார் விதிக்கவில்லை. தவறியபின்னும் அவர்களைக் கேட்கத்தக்க மனிதராகவே கருதியது. அச்செவிசாய்ப்பு எவருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்பதிலிருந்தே இவ்வகைமையின் பிரதிநிதித்துவ ஆய்வு தொடங்க வேண்டும்.